சும்மா உட்கார்ந்திருக்க ஓர் ஆள்

அந்த அலுவலகத்தில் அவருடைய உண்மையான பெயர் சம்பள நாளன்று மட்டும்தான் வெளியே வரும். மற்ற நாட்களில் எல்லோருக்கும் அவர் பொறுங்கம்மா. யார் எதைக் கேட்டாலும் வாயிலிருந்து முதலில் விழுவது "பொறுங்க" என்பதால் வந்த பட்டம்.

கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவதுதான் சுறுசுறுப்பு என்று நம்பும் உலகம் இது. பொறுங்கம்மா ஓட மாட்டார். கையில் எடுத்ததை ஒரு நிலைக்குக் கொண்டுவந்து, பத்திரமாக இறக்கி வைத்துவிட்டுத்தான் தலையைத் திருப்புவார். அதற்குள் கூப்பிட்டவருக்கு முடி நரைத்துவிடும் என்று ஒரு கட்சி. கூப்பிட்ட விஷயமே அதற்குள் பாதி சரியாகிவிடும் என்று இன்னொரு கட்சி. தீ விபத்து ஒத்திகைக்கு மணி அடித்தபோது மொத்த அலுவலகமும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு படியிறங்க, இவர் எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்து, சேமித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இறங்கினார். ஒத்திகை என்று முன்னாலேயே தெரியுமா என்று கேட்டவருக்குக் கிடைத்த பதில், "பொறுங்க, மூச்சு வாங்குது."

அலுவலகம் மூன்றாவது மாடியில், கீழே மூக்குக்கண்ணாடிக் கடை. தொழிற்சாலை இயந்திரங்களை ஓட்டும் நிரல்களைச் சி மொழியில் எழுதித் தருவது தொழில். நிரலைச் சோதிக்கும் கணினிகள் வைத்திருந்த அறை முன்பு குளியலறையாக இருந்தது. சுவரில் நீல ஓடுகள் அப்படியே இருந்தன. குழாய் இருந்த ஓட்டையில் ஒரு கார்க் அடைத்திருந்தார்கள். முதலாளி வாடிக்கையாளர்களிடம் அதை 'ஆய்வுக்கூடம்' என்பார். முதலாளியும் ஒரு காலத்தில் நிரல் எழுதியவர்தான். இப்போது அதைப் பற்றிப் பேசுவதோடு சரி. ஆனால் பேச்சில் ஒரு குறையும் இல்லை.

அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர் ஊருக்கு வெளியே இருந்த பால் ஆலை. பாலைக் காய்ச்சுவது, குளிரவைப்பது, குழாய் குழாயாக அனுப்புவது எல்லாம் நிரலின் பொறுப்பு. மின்சாரம் போனால் பேட்டரிப் பெட்டியிலிருந்து நிரலுக்கு ஒரு சிக்னல் வரும்: கடையைக் கட்டு என்று அதற்கு அர்த்தம். உடனே நிரல் வால்வுகளை வரிசையாக மூட வேண்டும்.

ஒரு நாள் மதியம் மின்சாரம் போனது. சிக்னல் வந்தது. வால்வு மூடவில்லை. ஒரு டாங்கு பால் மொத்தமும் சாக்கடைக்குப் போனது. சுற்றுவட்டாரப் பூனைகளுக்கு அது பொன்னான நாள். வால்வுகளைக் கவனிக்கும் ஊழியருக்கு வேலைக்கே உலை வைத்த நாள்.

நிரல் மூடாவிட்டால் கைச்சக்கரத்தைச் சுற்றி மூடுவது அவர் வேலை. அவர் சுற்றவில்லை. தூங்கிவிட்டார் என்று ஆலையில் எழுதினார்கள். "எங்கள் நிரல் தவறே செய்யாது" என்று முதலாளி போனிலேயே சூடம் அணைத்துச் சத்தியம் செய்யாத குறை. வியாழக்கிழமை விசாரணை, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவது என்று பேச்சு அடிபட்டது.

அந்த வால்வு அண்ணன் திங்கட்கிழமை காலையில் மூன்று மாடி ஏறி வந்து, வரவேற்பறைச் சோபாவின் ஓரத்தில், சோபாவுக்கு வலிக்கக் கூடாது என்பதுபோல் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு, "தெரியலீங்க. மெஷினுக்குள்ள எழுதுறவங்கள" என்றார். வரவேற்பில் இருந்த பெண் அப்படி ஒருவரை எங்கே தேடுவது என்று முழித்தாள். தண்ணீர் பாட்டிலில் தண்ணீர் பிடிக்க வந்த பொறுங்கம்மா அங்கே மாட்டிக்கொண்டார்.

"சொல்லுங்கண்ணா. நான்தான் எழுதுறது."

"நான் தூங்கலம்மா. முதல்ல அதைச் சொல்லிடறேன். நின்னுட்டே தூங்க நான் என்ன குதிரையா?"

"பொறுங்க. தூக்கத்தை விடுங்க. கரண்டு போனதும் என்ன பாத்தீங்க?"

"ஸ்கிரீன்ல 'மூடுகிறது'ன்னு வந்துச்சு. நான் சக்கரத்துல கை வச்சுட்டேன். ஆனா அது மூடும்போது நாம சுத்தக் கூடாதுன்னு டிரெய்னிங்ல சொல்லியிருக்காங்க. சுத்தினா பல்லு உடைஞ்சிடும். வால்வோட பல்லும்மா, என்னோடது இல்ல. சரி, மூடுதே மூடுதேன்னு நின்னேன். அது மூடவே இல்ல. ஆனா எழுத்து மட்டும் அப்படியே நின்னுச்சு."

"மூடுகிறதுன்னே நின்னுச்சா? மாறவே இல்லையா?"

"கடைசிப் பால் போற வரைக்கும். ஆனா யாரு நம்பறாங்க? மெஷின் எழுதி வைக்கிற பதிவுல அந்த வரியே இல்லையாம். நான் கதை விடறேனாம்."

பொறுங்கம்மாவின் பாட்டில் நிறைந்து, வழிந்து, செருப்பை நனைத்தது. அவர் கவனிக்கவில்லை. திரையில் எழுத்து வந்திருக்கிறது, பதிவில் வரி இல்லை. பொய் சொல்ல நினைக்கும் மனிதர் இதைவிட நல்ல பொய்யாகத்தானே சொல்வார்? நிரலில் அந்த இரண்டும் அடுத்தடுத்த வரிகள். முதலில் திரையில் காட்டு, பிறகு பதிவில் எழுது. அந்த மனிதர் தனக்கே தெரியாமல், எந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் இயந்திரம் செத்தது என்று விரல் வைத்துக் காட்டிவிட்டார்.

"வியாழக்கிழமை வரைக்கும் யார்கிட்டயும் எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதீங்கண்ணா" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

நிரலில் அந்த இரண்டு வரிகள் இருந்த பகுதியைத் திறந்து பார்த்தார். சின்னதாக, அழகாக, ஆபத்தாக இருந்தது. முதலாளியின் அறைக்குப் போனார்.

"சார், சிக்னல் வந்தா ஓடுற பகுதியை யார் எழுதினது?"

"ஏன், நல்லா இருக்கா?" முதலாளியின் முகம் மலர்ந்தது. "நான்தான். கம்பெனி ஆரம்பிச்ச புதுசுல. அதுல இன்னிக்கு வரைக்கும் யாரும் ஒரு எழுத்தைத் தொட்டதில்ல."

"தெரியுது சார். அதுல பூட்டு எடுக்குது."

"எடுக்கட்டுமே. பூட்டுன்னா எடுக்கத்தானே?"

"பால் ஆலை விஷயம் இதனாலகூட இருக்கலாம்."

மலர்ந்த முகம் கூம்பியது. "இவ்வளவு வருஷமா எத்தனை தடவை கரண்டு போயிருக்கும்? ஒழுங்கா நின்னிருக்கு. அந்த ஆளு தூங்கினதுக்கு நான் எழுதினதைக் குறை சொல்றியா? நிரூபிச்சுக் காட்டு, பாக்கலாம்."

நிரூபிக்கச் சொன்னது முதலாளி செய்த பிழை. அந்த அம்மாவிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

குளியலறைக் கணினி ஒன்றில் பால் ஆலை நிரலை ஓடவிட்டு, அதற்கு 'நிறுத்து' சிக்னல் அனுப்ப இன்னொரு சிறு நிரலை எழுதினார். நின்றால் மறுபடி ஓட்டு, மறுபடி நிறுத்து. ஓட்டு, நிறுத்து. பார்ப்பவர்களுக்குப் பைத்தியம் பிடிக்கும். அவர் பார்க்கவில்லை, பக்கத்தில் வேறு வேலை செய்துகொண்டிருந்தார்.

சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டு மேசையில் கணவர் கேட்டார். "என்ன, ஒரே யோசனை? சாம்பார்ல உப்பு இல்லைங்கறதையா?" அவர் டிரைவிங் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுத்தருபவர். கற்றுக்கொள்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து பயம், கோபம் இரண்டும் செத்துப்போனவர்.

"ஒரு ப்ரோக்ராம்ங்கறது ஒரு வீடுன்னு வச்சுக்கங்க. உள்ள நாலஞ்சு பேர் ஒரே நேரத்துல வேலை செய்வாங்க. த்ரெட்டுன்னு சொல்லுவோம். வீட்டுக்கு ஒரு பாத்ரூம்."

"சாப்பிடும்போதா?" என்றாள் கல்லூரிக்குப் போகும் மகள்.

"பொறு. ஒருத்தர் உள்ள போனா தாழ் போட்டுக்குவாரு. மத்தவங்க வெளிய நிப்பாங்க. அவர் வந்ததும் அடுத்தவர். அதுதான் பூட்டு. இதுவரைக்கும் சண்டை இல்ல. இப்ப சிக்னல் வருது. சிக்னல் இருக்கே, அது வீட்டுல யார் கையில சிக்கறாங்களோ அவங்க சட்டையைப் பிடிக்கும். செய்யுற வேலையை அப்படியே பாதியில நிறுத்திட்டு, இதை முதல்ல செய்ங்கும். உள்ள தாழ் போட்டுக் குளிச்சிட்டிருக்கற உங்களையே பிடிச்சிடுச்சுன்னு வைங்க. தூக்கி வெளிய நிறுத்தி, 'உடனே பாத்ரூமுக்குள்ள போய் ஒரு வேலை முடி'ங்குது. கதவு உள்பக்கம் தாழ். நீங்க தட்டறீங்க. உள்ள இருக்கற ஆளு வரட்டும்னு நிக்கறீங்க. உள்ள இருக்கற ஆளு யாரு?"

கணவர் யோசித்தார். "நான்தான்."

"எப்ப வெளிய வருவீங்க?"

"வர மாட்டேன். ஏன்னா நான் வெளியதான் நிக்கறேன்." பிறகு கவலையோடு கேட்டார். "சோப்பு நுரையோடயா நிக்கறேன்?"

"அப்பா, இப்ப அதுவா முக்கியம்?"

"நிக்கறவனுக்குத்தான்மா தெரியும்."

"எப்பவும் இப்படி ஆகாது" என்றார் பொறுங்கம்மா. "சிக்னல் வர்ற அந்தக் கண்ணிமைக்கற நேரத்துல, பிடிபடற ஆளு சரியா அந்தப் பூட்டைக் கையில வச்சிருந்தாத்தான் மாட்டும். அதான் இத்தனை வருஷம் தப்பிச்சது."

"சரி, இதுக்கு என்ன வைத்தியம்?"

"வீட்டுல எல்லார் காதுலயும் பஞ்சு வச்சிடணும். சிக்னல் யாரையும் பாதியில பிடிக்கக் கூடாது. அப்புறம் ஒரே ஒரு ஆளை வாசல்ல உக்கார வைக்கணும். அந்த ஆளுக்கு வேற வேலையே கிடையாது. சிக்னலுக்காகக் காத்திருக்கறது மட்டும்தான். சிக்வெய்ட்டுன்னு அதுக்குன்னே ஒரு வழி இருக்கு. வந்ததும் அந்த ஆளு நிதானமா எழுந்து, மத்தவங்க மாதிரி வரிசைல நின்னு, பூட்டு காலியானதும் உள்ள போய் வேலையை முடிப்பாரு. அவர் கையில ஏற்கனவே எதுவும் இருக்காது. அதனால அவர் அவருக்காகவே காத்துக் கிடக்க வேண்டி வராது."

"சும்மா உக்காந்து, பிரேக் மேல காலை வச்சுக்கிட்டுப் பாத்துட்டே இருக்கறது. என் உத்தியோகம்தான்" என்றார் கணவர் பெருமையாக. "என்ன சம்பளம் தர்றீங்க அந்த ஆளுக்கு?"

செவ்வாய் போனது. நிரல் ஓடியது, நின்றது, ஓடியது, நின்றது. முதலாளி குளியலறையை எட்டிப் பார்த்து, எல்லாம் சொல்லும் ஒரு சிரிப்போடு போனார். புதன்கிழமை காலை, மற்றவர்கள் காலை டீக்குப் போயிருந்த நேரம், திரையில் 'மூடுகிறது' என்று எழுத்து வந்து அப்படியே நின்றது.

அலுவலகக் கணினிகளுக்குப் பொறுப்பானவருக்கு ரீஸ்டார்ட்டு என்று பெயர். எந்த நோய்க்கும் அவரிடம் ஒரே மருந்து, அணைத்துப் போடுவது. இந்தத் தொழிலில் உள்ளவர்கள் செய்யும் பெரிய பாவம் இதுதான். பாதியில் உறைந்து தொங்கிப்போன இயந்திரத்தை எழுப்பிவிட்டு, அது ஏன் தொங்கியது என்று பிறகு உட்கார்ந்து விவாதிப்பார்கள். ரீஸ்டார்ட்டு டீ குடித்துவிட்டு உள்ளே வந்தார். அவருடைய சுட்டுவிரல் தானாகவே பொத்தானை நோக்கிப் போனது.

"தொடாதீங்க!"

பொறுங்கம்மா கத்தி யாரும் கேட்டதில்லை. ரீஸ்டார்ட்டின் விரல் அந்தரத்தில் நின்றது.

"தொங்கிடுச்சும்மா."

"தொங்கட்டும். அது தொங்கினாத்தான் ஒரு மனுஷன் பிழைப்பாரு."

இங்கேதான் விதி விளையாடியது. அன்றைக்கு முதலாளியைப் பார்க்கப் புது வாடிக்கையாளர்கள் வருவதாக இருந்தது. ஆய்வுக்கூடத்தைக் காட்ட வேண்டும். அதில் அழகாக இருந்த ஒரே கணினி, தொங்கிக்கொண்டிருந்த அதேதான்.

"அதை அணைச்சு வேற போட்டுக் காட்டு" என்றார் முதலாளி.

"வேற மெஷின்ல காட்டுங்க சார்."

"வேற மெஷின் லாரி மாதிரி சத்தம் போடுது. வந்தவங்க என்ன நினைப்பாங்க?"

"உறுதியான மெஷின்னு நினைப்பாங்க."

சொல்லிவிட்டு, தன் நாற்காலியை இழுத்துவந்து குளியலறை வாசலில் போட்டு, முதுகைக் கதவுக்குக் கொடுத்து உட்கார்ந்துவிட்டார். வந்தவர்கள் மூன்று பேரும் அவரைத் தாண்டி எட்டிப் பார்த்து நீல ஓடுகளைப் பாராட்டினார்கள். முதலாளி, 'பாதுகாப்பில் நாங்கள் எவ்வளவு கறார் பாருங்கள்' என்று சமாளித்தார். பேச்சில் குறையே இல்லை என்று சொன்னோமே.

பொறுங்கம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே பால் ஆலை மேனேஜருக்குப் போன் போட்டார்.

"நாளைக்குத்தான் விசாரணை இருக்கே மேடம். அங்க சொல்லுங்க."

"நாளைக்கு வரைக்கும் இங்க கரண்டு இருக்குமான்னு தெரியல சார். போச்சுன்னா சாட்சி போச்சு. உங்க கண்ணால இப்ப பாத்துடுங்க. வரும்போது வால்வு அண்ணனையும் கூட்டிட்டு வாங்க."

வாடிக்கையாளரே நேரில் வருகிறார் என்றதும் முதலாளி டையைச் சரிசெய்துகொண்டார். மதியச் சாப்பாட்டை மகள் கொண்டுவந்து கொடுத்தாள். பொறுங்கம்மா வாசலிலேயே சாப்பிட்டார். பாத்ரூம் போக வேண்டியிருந்தபோது ரீஸ்டார்ட்டை நாற்காலியில் உட்கார வைத்து, அவருடைய இரண்டு கைகளிலும் இரண்டு தண்ணீர் பாட்டில்களைக் கொடுத்துவிட்டுப் போனார். கை காலியாக இருந்தால்தானே ஆபத்து.

மேனேஜர் வந்தார். பின்னால் வால்வு அண்ணன். திரையைப் பார்த்த மாத்திரத்தில் அண்ணன் விரலை நீட்டினார். "இதேதான் சார். இதே எழுத்து. இப்படியேதான் நின்னுச்சு."

பொறுங்கம்மா இன்னொரு திரையைத் திருப்பினார். தொங்கிய நிரலின் உள்ளே ஒவ்வொரு த்ரெட்டும் எந்த இடத்தில் நிற்கிறது என்று அதில் தெரிந்தது. "அடியில பாருங்க சார், இந்த ஆளு பதிவு எழுதிட்டிருக்காரு, பூட்டு அவர் கையில. அதுக்கு மேல சிக்னல் வந்து அவரையே பிடிச்சிருக்கு. அதுக்கும் மேல பாருங்க, அதே ஆளு அதே பூட்டுக்காக நிக்கறாரு. வால்வு மூட வேண்டியவரும் பதிவு எழுதணும்னு அதே பூட்டுக்குப் பின்னால வரிசைல நிக்கறாரு. யாரும் தூங்கல. எல்லாரும் முழிச்சுட்டேதான் நிக்கறாங்க."

மேனேஜர் தாடையைத் தடவினார். "எங்க ஆலைல இதுதான் நடந்துச்சுன்னு சத்தியம் பண்ணுவீங்களா?"

"மாட்டேன். ஆனா இவர் சொன்ன எழுத்தும், பதிவுல இல்லாத வரியும் இதுல மட்டும்தான் சேந்து வருது."

எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து, தன் இளமைக்காலத்து வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். நிமிர நேரமானது.

"நான் எழுதினதுதான்" என்றார். பேச்சுக்குப் பேர்போன மனிதர் அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அவருடைய வாழ்நாளின் சிறந்த பேச்சு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மேனேஜர் லேசில் மசிபவர் இல்லை. "சரி பண்ணி, ஆலைல என் முன்னாடி ஓட்டிக் காட்டுங்க. விசாரணையைத் தள்ளி வைக்கறேன். அதுவரைக்கும் இவர் வெளியதான்." வால்வு அண்ணன் தலையாட்டினார்.

பொறுங்கம்மா வீட்டில் சொன்ன வைத்தியத்தையே எழுதினார். எல்லா த்ரெட்டுகளுக்கும் அந்தச் சிக்னல் கேட்காதபடி அடைப்பு, வாசலில் ஒரே ஓர் ஆள். முதலாளி இப்போது தினமும் வந்து பக்கத்தில் நின்று பார்த்தார். ஒரு நாள் திரையில் அந்தப் புது ஆளைக் கண்டுபிடித்து, "இது யாரு? காலைலேர்ந்து ஒரு வேலையும் பண்ணல, சும்மா உக்காந்திருக்கு. எடுத்துடலாமா?" என்றார்.

"அது மட்டும்தான் சார் வேலை பாக்குது."

ஆனால் சோதனையில் இன்னொரு அடி விழுந்தது. நிரல் இப்போது தொங்கவில்லை. சில தடவை, சிக்னல் வந்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் மொத்தமாகச் செத்துவிழுந்தது. ஆலையாக இருந்தால் வால்வுகள் வாயைப் பிளந்தபடி நின்றிருக்கும். இது அதைவிட மோசம்.

பொறுங்கம்மா நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் காதில் பஞ்சு இல்லை? தான் எழுதியதில் எல்லோருக்கும் இருந்தது. பிறகுதான் தோன்றியது, தான் எழுதாத ஆள் ஒருவர் வீட்டில் இருக்கலாமே என்று. இருந்தார். திரையில் எழுத்துக் காட்டுவதற்காக வெளியிலிருந்து வாங்கிச் சேர்த்த பகுதி, தன் வேலைக்கென்று ஒரு த்ரெட்டை ரகசியமாகப் பெற்றெடுத்திருந்தது, அதுவும் பஞ்சு வைப்பதற்கு முன்னால். சிக்னல் அந்தப் பஞ்சில்லாத காதில் விழுந்தால், என்ன செய்வது என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தராத சிக்னல் வந்தால் குடும்பத்தோடு சாவதுதான் அங்கே வழக்கம்.

"அடச்சே" என்றார் பொறுங்கம்மா. அடைக்கும் வரியைத் தூக்கி நிரலின் தலைவாசலில், யாரும் பிறப்பதற்கு முன்னால் வைத்தார். அதன் பிறகு பிறந்தவர்கள் எல்லோரும், சொந்தமோ வாங்கிச் சேர்த்ததோ, காதடைத்தே பிறந்தார்கள். சோதனை ஓடியது, நின்றது, ஓடியது, நின்றது. அவர் அவசரப்படவில்லை. முதலாளி 'போதுமே' என்ற பிறகும், ரீஸ்டார்ட்டு 'ஆலைக்கே போயிடலாமே' என்ற பிறகும், ஓடவிட்டார்.

ஆலையில் சோதனையன்று பாலுக்குப் பதிலாகக் குழாய்களில் தண்ணீர் விட்டார்கள். ஈரத் தரை, இரைச்சல், எங்கும் எஃகு. மேனேஜர், முதலாளி, பொறுங்கம்மா மூவரும் வால்வு மேடைக்குப் பக்கத்தில் நின்றார்கள். வால்வு அண்ணன் வெளியாள் சட்டையில், விருந்தாளிபோல் ஓரமாக நின்றார்.

"சக்கரத்துகிட்ட இவர்தான் நிக்கணும்" என்றார் பொறுங்கம்மா. "மூடலைன்னா கை கொடுக்க ஆள் வேணுமே."

மேனேஜர் தோளைக் குலுக்கினார். வால்வு அண்ணன் சக்கரத்தின் பக்கத்தில் போய்க் கைகளைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். மேனேஜர் மெயின் சுவிட்சை இழுத்தார்.

இரைச்சல் அடங்கியது. திரையில் 'மூடுகிறது' என்று வந்தது. அண்ணனின் விரல்கள் சக்கரத்தைப் பிடித்தன, சுற்றவில்லை. முதலாளியின் உதடுகள் எதையோ முணுமுணுத்தன. கடவுள் பெயராக இருக்கலாம். பொறுங்கம்மா திரையைப் பார்க்கவில்லை, அண்ணனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைக்கு முதலில் தெரிந்துவிட்டது. சக்கரத்துக்குள் ஏதோ கடகடவென்று நகர்ந்து இறுகியது. பக்கத்து வால்வு. அதற்கடுத்தது. பிறகுதான் திரையில் 'மூடியது' என்று எழுத்து மாறியது. வடிகாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"மறுபடியும்" என்றார் மேனேஜர். மறுபடியும் மூடியது. போதும் என்று அவருக்கே தோன்றும்வரை இழுத்துப் பார்த்தார். பிறகு வால்வு அண்ணனிடம், "நாளைக் காலைல ஷிஃப்டுக்கு வந்துடுங்க. விசாரணை கிடையாது" என்றார்.

அண்ணன் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்கு எதுக்கு சார்? என் ஷிஃப்டு இப்ப நடந்துட்டுத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வெள்ளைக் கோட்டு, ரப்பர் பூட்ஸ், தலைக்கு உறை எல்லாம் போட்டுக்கொண்டு திரும்பிவந்தார். வந்தவர் மேனேஜரை ஏற இறங்கப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். பொறுங்கம்மாவின் தலையையும் செருப்பையும் பார்த்தார்.

"என்ன சார் இது? பால் ஓடற இடத்துல ஒருத்தர் தலையிலயும் உறை இல்ல, வெளிய போட்டுச் சுத்தின செருப்போட நிக்கறீங்க. மூணு பேரும் முதல்ல வெளிய போங்க. தரையைக் கழுவணும்."

மூன்று பேரும் வெளியே போனார்கள்.